ஜெட் படகில் இறுகிப்போன ஸ்டியரிங் கேபிளை மாற்றிய அனுபவம்

ஏப்ரல் கடைசியில் குளிர்கால உறையைப் பிரித்ததும், பேட்டரியை மாட்டுவதற்கு முன்பே ஸ்டியரிங் சக்கரத்தை இரு கோடிக்கும் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம். இந்த ஆண்டு அது எந்தப் பக்கமும் அசையவில்லை. படகு 19 அடி நீளமுள்ள, ஒற்றை இன்ஜின் பொருத்திய ஃபைபர் கிளாஸ் ஜெட் படகு; கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பெரும்பாலும் சிம்கோ ஏரியில் ஓடுவது; குளிர்காலம் முழுவதும் டிரெய்லரிலேயே வீட்டு முற்றத்தில் நிற்பது. சென்ற செப்டம்பரில் குளிர்ந்த காலை வேளைகளில் சக்கரம் சற்றுக் கனத்து, நாலைந்து முறை திருப்பிய பின் இளகிக்கொண்டிருந்தது. அதன் பிறகு வந்த பனிக்காலம் மீதி வேலையை முடித்துவிட்டிருந்தது.

சக்கரம் இறுகினால் கேபிள் போய்விட்டது என்று உடனே முடிவுகட்டிப் புதியதை வாங்கிவிடுவது பலரும் செய்வது. முடிவு பெரும்பாலும் சரியாகவும் அமைந்துவிடுகிறது. ஆனால் கேபிள் ஏன் போயிற்று என்பதைப் பார்க்காமல் மாற்றினால், புதியதும் அதே வழியில்தான் போகும். என் கணக்கில் இந்த வேலையில் கேபிளை மாட்டுவது சிறு பகுதி. கேபிளை எட்டுவதும், நீர் நுழைந்த வழியைக் கண்டுபிடித்து அடைப்பதுமே பெரும் பகுதி. ஆகவே அந்த இரண்டைப் பற்றியே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில், ஜெட் படகில் இந்தக் கேபிளுக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஜெட் படகுக்கு வழக்கமான சுக்கான் கிடையாது. அடிப்பகுதியிலுள்ள வாய் வழியாக இம்பெல்லர் என்ற சுழலி நீரை உறிஞ்சி, பின்புற நாசில் (நீர் வெளியேறும் குழாய்முனை) வழியாக வேகமாகப் பீய்ச்சுகிறது. அந்த நாசிலை இடமோ வலமோ திருப்புவதுதான் படகைத் திருப்பும் ஒரே வழி. நியூசிலாந்தின் பில் ஹாமில்டன் 1950களில், சரளைக்கல் மேடுகளுக்கிடையே கணுக்கால் அளவு நீரே ஓடும் தம் ஊர் ஆறுகளுக்காக இந்த முறையைச் செம்மைப்படுத்தினார். நீர்த்தாரையைப் படகின் அடியில் விடாமல், பின்புறத்தில் நீர்மட்டத்துக்கு மேலே பீய்ச்சியதுதான் அவர் செய்த முக்கியமான மாற்றம். 1960இல் அவருடைய ஜெட் பொருத்திய படகுகள் கிராண்ட் கேன்யன் வழியாகக் கொலராடோ ஆற்றை எதிர்த்து மேலேறின. அடியில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காததால் பாறையில் இடிக்கும் அச்சம் குறைவு என்பது இதன் சிறப்பு; தாரை நின்றால் திசையும் போய்விடும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. வேகமாகப் போகும்போது த்ராட்டிலை (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசையை) விட்டுவிட்டால், சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் படகு போன போக்கிலேயே போகும். நாசில் ஒரு பக்கம் திரும்பிய நிலையில் கேபிள் இறுகிவிட்டாலோ, த்ராட்டிலைக் கொடுக்கக் கொடுக்கப் படகு வட்டமடித்துக்கொண்டே இருக்கும். மெல்ல ஓட்டிக் கரை சேர்ந்துவிடலாம் என்ற சமாதானத்துக்கு இங்கே இடமில்லை.

கேபிளின் அமைப்பு எளிமையானது. வெளியே பிளாஸ்டிக் உறை. அதற்குள் நெருக்கமாக அடுக்கிய எஃகுக் கம்பிகள். அதற்கும் உள்ளே வழுவழுப்பான பிளாஸ்டிக் குழல். அந்தக் குழலுக்குள் கிரீஸ் பூசிய எஃகு நடுக்கம்பி. நடுக்கம்பிதான் முன்னும் பின்னும் ஓடி, நாசிலைத் தள்ளவும் இழுக்கவும் செய்கிறது. ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பின்னாலுள்ள ஹெல்ம் என்ற பற்சக்கரப் பெட்டியில், இந்த நடுக்கம்பிமேல் சுருளாகச் சுற்றியிருக்கும் இன்னொரு கம்பியைப் பற்சக்கரம் கவ்விப் பிடிக்கிறது. பின்முனையில் நடுக்கம்பி ஒரு ஸ்டெயின்லெஸ் தண்டில் முடிகிறது. அந்தத் தண்டு ஒரு ஸ்டெயின்லெஸ் குழாய்க்குள் சறுக்கி, படகின் பின்சுவரிலுள்ள துளை வழியாக வெளியே வந்து, பந்து மூட்டு ஒன்றால் நாசிலோடு இணைகிறது. தண்டு வெளிப்படும் இடத்தை மடிப்பு மடிப்பான ரப்பர் பூட் (உறை) ஒன்று மூடியிருக்கிறது. மொத்த அமைப்பிலும் நீரோடு நேரடியாகத் தொடர்புள்ள இடம் அது ஒன்றுதான்.

இறுக்கத்துக்குக் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்: நாசில், கேபிள் அல்லது ஹெல்ம். மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகு பின்புறத்திலிருந்து தொடங்கினேன். நீர்த்தாரையை முன்னோக்கித் திருப்பிப் படகைப் பின்னே நகர்த்தும் ரிவர்ஸ் கிண்ணம் நாசிலுக்கு மேலே தொங்குவதால், அது கையின் மேல் விழாதபடி கயிற்றால் தூக்கிக் கட்டிவிடுவது நல்லது. பந்து மூட்டின் நட்டைக் கழற்றிக் கேபிளை நாசிலிலிருந்து விடுவித்ததும், நாசிலைக் கையால் இருபுறமும் அசைத்தேன். ஒரே விரலால் கோடிக்குக் கோடி ஓடியது. மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தபோது அதன் புஷிங்கில் (அது திரும்பும் இடத்திலுள்ள உள்வளையத்தில்) தேய்மானமும் தெரியவில்லை. மணல் நிறைந்த கரைகளில் ஓட்டப்படும் படகுகளில் நாசிலின் மேல், கீழ் போல்ட்டுகளைச் சுற்றி மணல் அடைந்து அதுவே இறுகிவிடுவதுண்டு. அப்படியானால் புஷிங்கை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கேபிளை விடுவித்த பின்னும் சக்கரம் அசையவில்லை.

அடுத்த கேள்வி, கேபிளா ஹெல்மா என்பது. என் படகிலிருப்பது சுழல்வகை ஹெல்ம். கேபிள் அதற்குள் செருகப்பட்டு ஒரு பூட்டு முள்ளால் நிற்கிறது. கேபிள் சரியாக இருந்தால், பின்முனையை விடுவித்து, பூட்டு முள்ளை எடுத்துவிட்டுச் சக்கரத்தைத் திருப்ப நடுக்கம்பி மட்டும் வெளியேறி வந்துவிடும். நடுக்கம்பி உறையோடு சேர்ந்து இறுகியிருக்கும்போது நடப்பது வேறு. கேபிளைக் கட்டியிருக்கும் கிளிப்புகளைத் தளர்த்தி, டாஷ்போர்டுக்குப் பின்னால் அதற்கு நகர இடம் கொடுத்து, பூட்டு முள்ளை நீக்கிச் சக்கரத்தைத் திருப்பினால், பற்சக்கரம் நடுக்கம்பியின் மேல் நடந்துபோய் உறையும் கம்பியுமாக முழுக் கேபிளையும் ஹெல்மிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. எனக்கு அப்படித்தான் நடந்தது. கேபிள் முற்றிலும் வெளியேறியதும் சக்கரம் தடையின்றிச் சுழன்றது. சோதனையும் கழற்றலும் ஒரே வேலையில் முடிந்தன. கேபிளுக்கு நகர இடமே இல்லாத படகுகளில், ஹெல்முக்குச் சற்று அப்பால் ஹாக்சா பிளேடால் கேபிளை அறுத்துவிட்டு, மீந்த துண்டைச் சக்கரத்தைத் திருப்பி வெளியேற்றுவதே வழி. எப்படியும் அந்தக் கேபிள் குப்பைக்குத்தான் போகப் போகிறது. பல்தண்டு வகை ஹெல்மாக இருந்தால் கதை வேறு. பல்தண்டும் அதன் குழாயும் கேபிளோடு சேர்ந்த ஒரே உருப்படி என்பதால், அதை ஹெல்மிலிருந்து போல்ட் கழற்றி எடுத்துவிட்டுப் புதியதில் மொத்தமாக மாற்றுவார்கள்.

கேபிளைச் சரிசெய்துவிட முடியாதா என்ற கேள்வி இந்த இடத்தில் எழுவது இயல்பு. தண்டின் மேல் துருநீக்கி எண்ணெயைத் தெளித்து, சுத்தியலால் மெல்லத் தட்டி, கிரீஸைத் திணித்து இளக்கிவிட்டதாகச் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை, இளகத்தான் செய்யும். ஆனால் துரு இருப்பது தண்டின் வெளிப்புறத்தில் மட்டுமல்ல, குழலுக்குள் எட்ட முடியாத நடுக்கம்பியிலும்தான். தெளிக்கும் எண்ணெய், தயாரிப்பின்போது உள்ளே வைத்த கெட்டியான கிரீஸைக் கரைத்துக் கழுவிவிடுவதால், சில வாரங்களில் முன்னைவிட மோசமாக இறுகும். அதுவும் படகு நீரில் ஓடிக்கொண்டிருக்கும்போது. பாய்மரப் படகில் கயிற்றுக்குப் பதில் கயிறு கட்டிச் சமாளிப்பதுபோல் இங்கே சமாளிக்க முடியாது. இறுகிய ஸ்டியரிங் கேபிளை இளக்கி ஓட்டுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிய கேபிளின் நீளத்தைக் கண்டுபிடிப்பதில் ஊகத்துக்கு இடமில்லை. பழைய கேபிளின் உறைமேல், பெரும்பாலும் ஹெல்முக்கு அருகில், தயாரிப்பு எண் அச்சிடப்பட்டிருக்கும். பரவலாகக் கிடைக்கும் எஸ்எஸ்சி62 வகையில் கடைசி இரண்டு இலக்கங்கள் அடிக்கணக்கில் நீளத்தைக் குறிக்கும். எஸ்எஸ்சி6215 என்றால் 15 அடி. அழுக்கைத் துடைத்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்த்தால் மங்கிப்போன எழுத்தும் படிக்கக் கிடைக்கும். நீளம் போலவே பின்முனையின் வகையும் தண்டு நகரும் தூரமும் முக்கியம். வெளி மோட்டார்களுக்கான கேபிளின் பின்முனையும் ஜெட்டுக்கான பின்முனையும் ஒன்றல்ல. விலை குறைவாக இருக்கிறது என்று ஓரடி குட்டையானதை வாங்கினால் வளைவுகள் இறுகும். ஓரடி நீளமானதை வாங்கினால் மிச்சத்தை எங்கோ சுருட்டி வைக்க வேண்டியிருக்கும். இரண்டுமே உராய்வைக் கூட்டும். பழைய கேபிள் தொடக்கத்திலிருந்தே படகோடு வந்ததாக இருந்தால் அதே எண்ணை வாங்குவது உத்தமம். இடையில் எவராவது மாற்றியிருந்தால், அவர் சரியானதைத்தான் போட்டாரா என்று வழித்தடத்தை ஒரு முறை அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

இனி, கேபிளை எட்டும் வேலை. என் படகில் கேபிள் டாஷ்போர்டின் பின்னிருந்து இறங்கி, வலப்புறப் பக்கச் சுவருக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக ஓடி, இன்ஜின் அறையைக் கடந்து பின்சுவருக்கு வருகிறது. அதே குழாயில் ரிவர்ஸ் கேபிளும், த்ராட்டில் கேபிளும், ஒரு கட்டு மின்கம்பிகளும் போகின்றன. படகு கட்டியவர்கள் இவை எல்லாவற்றையும் மேல்தளத்தைப் பொருத்துவதற்கு முன்பே பதித்துவிடுகிறார்கள். பிறகு யாரோ ஒருவர் மல்லாந்து படுத்து இதைக் கழற்ற வேண்டியிருக்கும் என்ற நினைப்பு அவர்களுக்கு வந்ததாகத் தெரியவில்லை. டாஷ்போர்டின் கீழுள்ள பெட்டியையும், வலப்புற இருக்கையையும், அதன் பின்னாலுள்ள மூடியையும் எடுத்த பிறகே கேபிளின் முக்கால் பங்கு கண்ணுக்குத் தெரிந்தது. கழற்றுவதற்கு முன்பு ஒவ்வொரு கிளிப்பையும், கேபிள் எதன் மேலே, எதன் கீழே போகிறது என்பதையும் படமெடுத்து வைத்துக்கொண்டேன். இரு கேபிள்கள் குறுக்கே கடக்கும் இடத்தில் மேல் எது, கீழ் எது என்பது திரும்ப மாட்டும்போது நிச்சயம் நினைவிருக்காது.

பின்சுவர்த் துளையில் கேபிளின் குழாயைப் பிடித்திருக்கும் புஷிங்தான் மிகவும் முரண்டுபிடித்தது. வெளிப்புறம் ஒரு தடித்த விளிம்பு, உள்புறம் ஒரு பெரிய நட்டு, இரண்டுக்கும் இடையே பல ஆண்டுப் பழைய பசை. வெளியே நான் விளிம்பைப் பிடித்துத் திருப்ப, இன்ஜின் அறைக்குள் தலைகீழாகக் கவிழ்ந்திருந்த என் மனைவியின் தம்பி, “மாமா, நட்டும் கூடவே சுத்துது, கொஞ்சம் நிறுத்துங்க” என்று சத்தம் போட்டார். உள்ளே பெரிய பைப் ரெஞ்சால் நட்டை அசையாமல் பிடித்து, வெளியே பசையை வெப்பக் காற்றால் மெல்லச் சூடாக்கிய பின்புதான் அது விட்டுக்கொடுத்தது. இந்தச் சூட்டில் நிதானம் வேண்டும். படகின் மேற்பூச்சு பொறுக்கும் அளவைத் தாண்டினால் கொப்பளித்துவிடும். இன்ஜின் அறையில் பெட்ரோல் ஆவி இல்லை என்பதை மூடியை நெடுநேரம் திறந்து வைத்து உறுதி செய்துகொள்ளாமல் சூடு காட்டும் கருவியை அருகில் கொண்டு போகக் கூடாது.

கேபிளை உருவி எடுப்பதற்கு முன், அதன் முன்முனையில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டிக்கொண்டோம். பழையது வெளியேறும்போது அதன் பின்னாலேயே கயிறு வழித்தடம் முழுவதும் ஓடிவிடும். பிறகு அந்தக் கயிற்றில் புதியதைக் கட்டி முன்னோக்கி இழுத்துவிடலாம். முடிச்சு பருமனாக இருந்தால் குழாயின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும் என்பதால், கயிற்றைக் கம்பியோடு ஒட்டினாற்போல் பல சுற்றுச் சுற்றி, அதன் மேல் இன்சுலேஷன் டேப்பைக் கூம்பு வடிவில் இழுத்து ஒட்டினேன். ஒருவர் பின்னாலிருந்து இழுக்க, மற்றவர் நடுவில் நின்று குழாயின் வாயில் கேபிளை நேராக ஊட்ட வேண்டும். வலுவாக ஒரே இழுப்பாக இழுத்தால் ரிவர்ஸ் கேபிளையோ மின்கம்பியையோ பிய்த்துவிடும். மாட்டிக்கொண்டால் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, திருகி, மறுபடி இழுப்பதே சரி. என் படகில் பின்முனைக் குழாயின் பருமன் காரணமாகக் கேபிள் வெளிப்பக்கமாகத்தான் உருவி வரும். புதியதும் வெளியிலிருந்தே முன்முனை முதலாக உள்ளே போகும்.

பழைய கேபிளைத் தூக்கி எறிவதற்கு முன்பு அறுத்துப் பார்த்தேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. வேலையில் கிடைக்கும் உருப்படியான தகவல் அங்கேதான் இருக்கிறது. ஹெல்ம் பக்கத்திலிருந்து தொடங்கி ஆங்காங்கே உறையைக் கீறித் திறந்தபோது, முன்பகுதியிலும் நடுப்பகுதியிலும் கிரீஸ் பழுப்பேறாமல் ஏறத்தாழ புதிதாகவே இருந்தது. பின்சுவரை நெருங்க நெருங்க நிறம் மாறியது. கடைசி ஒன்றரை அடியில் கிரீஸ் நீரோடு கலந்து புளித்த கஞ்சியைப் போல் வெளிறி, நடுக்கம்பியின் மேல் செந்துரு தடித்திருந்தது. துருவின் கொள்ளளவு அது தின்ற இரும்பின் கொள்ளளவைவிடப் பெரிது. மயிரிழை இடைவெளியே உள்ள குழலுக்குள் அந்தப் பருமன் போதும், கம்பி இறுகிப்போக. அதோடு ஒரு இடத்தில் உள்குழல் நீளவாக்கில் விரிந்து வெடித்திருந்தது. உறையும் நீர் சுமார் 9 விழுக்காடு விரிவடைகிறது. ஒன்டாரியோவின் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு 20 பாகை கீழே போவது அரிதல்ல. கேபிளுக்குள் தேங்கிய சிறிதளவு நீரே பனிக்கட்டியாகிக் குழலைப் பிளந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. செப்டம்பரில் சக்கரம் கனத்தது துருவினால். ஏப்ரலில் அசையாமல் போனது பனியினால்.

ஸ்டெயின்லெஸ் தண்டிலும் குண்டூசி முனை அளவில் குழிகள் இருந்தன. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மைதான். அதைக் காப்பது மேற்பரப்பிலுள்ள மெல்லிய குரோமிய ஆக்சைடு படலம். அந்தப் படலம் கீறினால் மீண்டும் உருவாக ஆக்சிஜன் வேண்டும். குழாய்க்கும் தண்டுக்கும் இடையே அசையாமல் தேங்கி நிற்கும் நீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுவதால், மூடிய இடுக்குகளில்தான் ஸ்டெயின்லெஸ் முதலில் அரிக்கப்படுகிறது. உப்பு நீரில் ஓடும் படகுகளில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

அப்படியானால் நீர் எப்படி உள்ளே வந்தது? கழற்றும்போது ரப்பர் பூட்டை மேலோட்டமாகப் பார்த்ததில் அது முழுதாகவே இருப்பதுபோல் தோன்றியது. மேசையில் வைத்து, இரு முனைகளையும் பிடித்து இழுத்து விரித்தபோதுதான், அதை இறுக்கும் கிளாம்பு வளையத்துக்கு அடுத்த மடிப்பின் பள்ளத்தில் பாதிச் சுற்றளவுக்கு ஒரு கீறல் வாய் திறந்தது. சுருங்கிய நிலையில் மடிப்பின் இரு உதடுகளும் ஒட்டிக்கொள்வதால் கீறல் கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்தைக் கோடிவரை திருப்பித் தண்டு முழுவதும் வெளியே நீளும்போதுதான் அது திறந்து நீரை உள்ளே விடும். தண்டு திரும்ப உள்ளே போகும்போது அந்த நீரையும் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு திருப்பத்திலும் சொட்டுச் சொட்டாகக் கேபிளுக்குள் நீர் இறைத்த பம்பாகவே அந்தப் பூட் வேலை செய்திருக்கிறது. ஆகவே ரப்பர் பூட்டைச் சோதிக்க விரும்புகிறவர், நாசிலைத் தண்டு முழுவதும் நீளும் பக்கத்துக்குத் திருப்பி வைத்து, விரிந்த மடிப்புகளுக்குள் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். நேராக நிற்கும் நாசிலில் பார்க்கும் சோதனையால் பயன் இல்லை.

புதிய கேபிளோடு பூட், கிளாம்பு, புஷிங்கின் ஓ-ரிங்குகள் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையங்கள்), பந்து மூட்டின் நைலான் பூட்டு நட்டு ஆகியவற்றையும் வாங்கினேன். கேபிளின் விலையோடு ஒப்பிட்டால் இவை சில்லறை. நைலான் நட்டைத் திரும்பப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு முறை கழற்றிய பின் அதன் பிடிப்பு குறைந்துவிடும், அது அவிழ்ந்தால் படகுக்குத் திசையே இல்லை.

பின்சுவர்த் துளையைச் சுற்றியிருந்த பழைய பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, ஓர் இரவு உலரவிட்டேன். துளையின் ஓரத்தை நாணயத்தால் தட்டிப் பார்த்ததில் சத்தம் எங்கும் ஒரே மாதிரி கணீரென்று இருந்தது. மந்தமாக ஒலித்தால் உள்ளே மரப்பலகை ஊறியிருக்கலாம் என்று பொருள், அது தனி வைத்தியம். பசையாக 3எம் நிறுவனத்தின் 4200 பாலியூரிதேனைப் பயன்படுத்தினேன். அதே வரிசையில் வரும் 5200 இன்னும் வலுவானது என்றாலும், அது நிரந்தரமாக ஒட்டிவிடும்; என்றாவது கழற்ற வேண்டிய உருப்படிக்கு அதைப் போடுவது பின்னால் வருபவருக்குச் செய்யும் துரோகம். விளிம்பைச் சுற்றிச் சீராகப் பசை பிதுங்கும் அளவுக்கு மட்டும் நட்டை இறுக்கினேன். பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் பசை முழுவதும் வெளியேறி, அடைப்பதற்கு எதுவும் மிஞ்சாது. படகு நிற்கும்போது இந்தத் துளை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. இங்கே கசிந்தால் கேபிள் மட்டுமல்ல, கட்டிவைத்த இடத்திலேயே படகும் போய்விடும். பசை குழாயில் குறித்திருக்கும் நேரம் முழுவதும் காயும்வரை நீரில் இறக்கும் எண்ணமே கூடாது.

புதிய கேபிளின் முன்முனையில் பூசிவரும் கிரீஸில் ஒரு மணல் துகள்கூட ஒட்டாதபடி அதைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, கயிற்றில் கட்டி, முன்போலவே இருவருமாக இழுத்தோம். இந்த வகைக் கேபிள்களில் வளைவின் ஆரம் 20 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஹெல்மிலிருந்து வெளியேறும் முதல் வளைவில்தான் இடம் நெருக்கமாக இருக்கும். அங்கே கேபிளை அருகிலிருக்கும் கம்பிக்கட்டோடு சேர்த்து டையால் இறுக்கிக் கட்டுவது பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் வளைவைக் கூர்மையாக்கிவிடும். நான் அந்த இடத்தில் எதனோடும் கட்டாமல் விட்டுவிட்டேன். மற்ற இடங்களில் கேபிள் கையால் சுழற்றக்கூடிய அளவுக்குத் தளர்வாகவே கிளிப் போட்டேன்.

ஹெல்முக்குள் நடுக்கம்பியைச் செருகிச் சக்கரத்தைத் திருப்ப, பற்சக்கரம் அதைக் கவ்வி உள்ளே இழுத்துக்கொண்டது. உறை முழுவதும் அமர்ந்ததும் பூட்டு முள் சொடுக்கிக்கொண்டது. சொடுக்குச் சத்தத்தை மட்டும் நம்பாமல் கேபிளைப் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. சில ஹெல்ம்களில் கேபிளை இரு பக்கத்தில் எந்தப் பக்கமும் செருகலாம். பக்கம் மாறினால் திசையும் மாறிவிடும். நாசிலில் இணைப்பதற்கு முன், சக்கரத்தை வலப்புறம் திருப்பும்போது தண்டு நாசிலை வலப்புறம் திருப்பும் திசையில்தான் நகர்கிறதா என்று ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும்.

நடுநிலையைச் சரிசெய்வதற்கு எனக்குக் கேபிள் மாட்டியதைவிட அதிக நேரம் பிடித்தது. சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பிச் சுற்றுகளை எண்ணி, அதில் சரிபாதி திரும்பி வந்து, அந்த இடத்தில் சக்கரத்தை டேப்பால் ஒட்டி நிறுத்தினேன். பிறகு நாசிலின் இரு விளிம்புகளிலிருந்தும் பம்ப் உடலின் பக்கங்களுக்குள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து, இரண்டும் சமமாகும்வரை பந்து மூட்டைத் தண்டின் மரையில் சுற்றினேன். அரைச் சுற்றுக்கே இரண்டு மில்லிமீட்டர் போல வேறுபாடு தெரியும் என்பதால் அவசரப்பட முடியாது. மூட்டுக்குள் தண்டின் மரை குறைந்தது தண்டின் விட்டம் அளவுக்காவது நுழைந்திருக்க வேண்டும்; அந்த அளவுக்குப் போகாமலே நடுநிலை வந்துவிட்டால், கேபிளின் நீளமோ புஷிங்கின் நிலையோ தவறு என்று பொருள், மூட்டைத் திருகி அதை மறைக்கக் கூடாது. நடுநிலை அமைந்ததும் பூட்டு நட்டை இறுக்கி, சக்கரத்தை இரு கோடிக்கும் திருப்பி, நாசில் தன் எல்லைக் கட்டையைத் தொடுவதற்கு முன் கேபிள் முடிந்துவிடவில்லை என்பதையும், எல்லையைத் தொட்ட பின்பும் ஹெல்ம் தண்டை வலிந்து தள்ளவில்லை என்பதையும் பார்த்தேன். ரிவர்ஸ் கிண்ணத்தை இறக்கிய நிலையிலும் ஏற்றிய நிலையிலும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இடிக்கக் கூடாது; ரப்பர் பூட்டும் எங்கும் உரசக் கூடாது.

ரப்பர் பூட்டை மாட்டும் முன் தண்டின் மேல் மெல்லிய சிலிக்கான் கிரீஸ் பூசினேன். பெட்ரோலிய கிரீஸ் சில ரப்பர் வகைகளை ஊதவைத்துவிடும். கிளாம்பை ரப்பர் பிதுங்காத அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். பழைய ரப்பர் பூட்டில் கீறல் தொடங்கியது, அதிகமாக இறுக்கப்பட்டிருந்த கிளாம்பின் விளிம்பை ஒட்டிய இடத்தில்தான்.

நீர்ச் சோதனைக்குப் படகை இறக்கியபோது டிரெய்லரிலிருந்து உடனே விடுவிக்கவில்லை. உள்ளே புஷிங்கைச் சுற்றி உலர்ந்த காகிதக் கைக்குட்டையைச் சுற்றிவிட்டு, கால் மணி நேரம் அப்படியே மிதக்கவிட்டேன். ஒரு சொட்டுக் கசிவையும் காகிதம் காட்டிக்கொடுக்கும். கையால் தடவிப் பார்ப்பது குளிர்ந்த உலோகத்தின் ஈரத்தையும் கசிவையும் ஒன்றாகக் காட்டும். காகிதம் உலர்ந்தே இருந்தது. ஒன்டாரியோவில் கரையிலிருந்து 30 மீட்டருக்குள் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. முதல் சுற்றுகளுக்கு அந்த வேகமே சரியாகப் பொருந்தியது. இன்ஜினை நிறுத்தும் கயிற்றை உயிர்காப்பு ஆடையில் மாட்டிக்கொண்டு, மெதுவான வேகத்தில் இருபுறமும் வட்டமடித்து, பிறகு ஆழமான, ஆளில்லாத நீருக்குப் போய்ப் படிப்படியாக வேகத்தைக் கூட்டினேன். இரு பக்கத்து வட்டங்களும் ஒரே அளவில் அமைந்தன. சக்கரத்தை இரண்டு விரல்களால் திருப்ப முடிந்தது; நேராக ஓடும்போது அதன் நடுக்குறி ஒரு விரல்கடை இடப்புறம் சாய்ந்திருந்ததால், கரைக்கு வந்த பின் மூட்டை அரைச் சுற்று திருத்தினேன்.

2022 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் படகைச் சாலையில் இழுத்துச் செல்வதற்கு முன் வடிகால் அடைப்பானைக் கழற்றி நீரை வெளியேற்ற வேண்டும் என்பது சட்டம். ஒரு ஏரியின் அயல் உயிரினங்கள் மற்றோர் ஏரிக்குப் பரவாமலிருக்க வந்த ஏற்பாடு. ஒவ்வொரு முறையும் எவ்வளவு நீர் வடிகிறது என்று பார்த்துக்கொள்ள இது எனக்கு வசதியாக இருக்கிறது. கேபிள் மாற்றிய பிறகு வடிந்த நீர் எப்போதும் போலவே இருந்தது. முதல் ஓட்டத்துக்குப் பின் பந்து மூட்டின் நட்டு, புஷிங் நட்டு, ஹெல்மின் பூட்டு மூன்றையும் மறுபடி சோதித்தேன், எதுவும் தளரவில்லை.

குளிர்காலத்துக்கு நிறுத்தும் விதத்தில் மட்டும் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். முன்பு நாசில் நேராக இருக்கும்படி நிறுத்துவேன். அப்போது தண்டின் பாதி வெளியே இருக்கும். இனி, தண்டு முழுவதும் குழாய்க்குள் அடங்கும் பக்கத்துக்குச் சக்கரத்தைத் திருப்பி வைத்து, ரப்பர் பூட்டும் சுருங்கிய நிலையில் இருக்கும்படி மூடப் போகிறேன். என் படகில் அது இடக்கோடி. மற்றப் படகுகளில் கேபிள் நாசிலின் எந்தப் பக்கத்தில் இணைகிறது என்பதைப் பொறுத்து மாறும். மூடுவதற்கு முன், விரித்த நிலையில் ரப்பர் பூட்டின் ஒவ்வொரு மடிப்பையும் பார்க்க வேண்டும். மாற்றுப் பூட் ஒன்றும் கிளாம்பு ஒன்றும் வாங்கி டாஷ்போர்டின் கீழுள்ள பெட்டியில் வைத்திருக்கிறேன். பந்து மூட்டைக் கழற்றி இவற்றை மட்டும் மாற்றுவதற்குப் படகின் வேறெந்தப் பகுதியையும் தொட வேண்டியதில்லை.